கரிசலின் இயல்பான தாவரம் எது? கோவில்பட்டி வறள்நிலம் பற்றிய விடைகளும் அவற்றின் வரம்புகளும்

வினாவின் களம்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு வட்டாரங்களிலும் அவற்றை ஒட்டிச் சாத்தூர், அருப்புக்கோட்டை, கமுதி வரையிலும் பரந்துகிடக்கும் கரிசல் நிலத்தில் உழவும் மேய்ச்சலும் நின்றுபோனால் எது முளைத்து நிலைக்கும் என்பது எளிதாகத் தோன்றினாலும் இதுவரை ஒருமித்த விடை கிடைக்காத கேள்வியாகும். காடு என்பவர்கள் உண்டு. முள்புதர் என்பவர்கள் உண்டு. புல்வெளியே என்று வாதிடுபவர்களும் உண்டு. மேய்ச்சல் புறம்போக்கில் மரக்கன்று நடலாமா, சீமைக்கருவேலத்தை அகற்றிய இடத்தில் எதை வளரவிட வேண்டும், அரசு ஆவணத்தில் தரிசு என்று எழுதப்பட்ட நிலம் காற்றாலைக்கும் சூரிய மின்தகட்டுக்கும் போவதால் உயிரினங்களுக்கு இழப்பு நேருமா என்பன போன்ற நடைமுறை முடிவுகள் யாவும், வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டாலும், இக்கேள்விக்கு ஏதேனும் ஒரு விடையை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டே எடுக்கப்படுகின்றன.

விடைகளை ஆராயுமுன் சில அடிப்படைக் கருத்துகளை வரையறுப்பது தேவை. ஓரிடத்தின் உயிரினங்களையும் அவற்றைச் சூழ்ந்த மண், நீர், காற்று, வெப்பம் ஆகியவற்றையும் பிரிக்கமுடியாத ஒரே அமைப்பாகக் கொள்ளும் கருத்தே சூழல்மண்டலம் எனப்படுகிறது. இச்சொல்லை 1935-இல் பிரித்தானியத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி முன்வைத்தார். கதிரொளியைக் கொண்டு உணவாக்கும் தாவரங்கள் உற்பத்தியாளர்கள். அவற்றை உண்பவையும், உண்பவற்றை உண்பவையும் நுகர்வோர். மடிந்தவற்றை மீண்டும் மண்ணாக்கும் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் சிதைப்போர். கரிசலில் இச்சங்கிலியைப் பருவமழை முடுக்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெறும் கோவில்பட்டி வட்டாரத்தில் அதன் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. அம்மழைக்குப் பின் தரிசிலும் வரப்பிலும் எழும் புல்லில் வெட்டுக்கிளிகள் பெருகுகின்றன. அவற்றையும் சிறு பறவைகளையும் இரையாகக் கொள்ளும் பூனைப்பருந்துகள் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து குளிர்காலத்தில் இங்கு வந்து தங்குகின்றன. எலியும் முயலும் புல்லின் விதையையும் தழையையும் தின்ன, நரியும் பாம்பும் அவற்றைப் பிடிக்கின்றன. இந்த உணவு வலையின் அடித்தளத்தில் நிற்பது மரமா புல்லா என்பதைப் பொறுத்தே அதன் மேலுள்ள பெரும்பாலான கண்ணிகள் அமைகின்றன.

முள்காடே மூலம் என்னும் கருத்து

நிலவும் விடைகளுள் அரசு நிருவாகத்தில் இன்றளவும் செல்வாக்குடையது, இந்நிலம் அடிப்படையில் ஒரு முள்காடு என்றும், இன்று தென்படும் வெட்டவெளி அக்காட்டின் சிதைந்த வடிவம் என்றும் கொள்வதாகும். இதன் கோட்பாட்டு வேர் அமெரிக்கச் சூழலியலாளர் ஃபிரடெரிக் கிளெமென்ட்ஸ் 1916-இல் விரிவாக எழுதிய தாவர வழிமுறை வளர்ச்சிக் கோட்பாட்டில் இருக்கிறது. வெற்று நிலத்தில் முதலில் ஓராண்டுச் செடிகளும், பின் புல்லும், அதன்பின் புதரும், இறுதியில் மரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பிடித்து, அந்தந்தத் தட்பவெப்பத்துக்கு உரிய உச்சநிலைச் சமுதாயத்தில் போய் முடியும் என்பது அதன் சாரம். இப்பார்வையில் புல்வெளி என்பது காட்டை நோக்கிய பயணத்தில் தடைபட்டு நின்ற ஒரு படிநிலையே.

இந்தியக் காடுகளை 1936-இல் வகைப்படுத்திய ஹாரி சாம்பியனும், அவ்வகைப்பாட்டை எஸ். கே. சேத்துடன் இணைந்து திருத்தி வெளியிட்ட 1968-ஆம் ஆண்டு நூலும் தென்தமிழகத்தின் வறண்ட சமவெளிகளை முள்காட்டு வகையில் சேர்த்தன. குடைபோல் மேலே விரிந்து நிற்கும் உடைமரத்தை முதன்மையாகக் கொண்ட குடைவேல் காடு அவற்றில் தனி உட்பிரிவாகவே இடம்பெற்றது. இந்தியப் புல்வெளிகளை 1973-இல் தொகுத்து ஆராய்ந்த தபட்காவும் சங்கரநாராயணும் தீபகற்பச் சமவெளிகளின் புல்லினங்களை மிகக் கவனமாக வகுத்தனர் எனினும், அப்புல்வெளிகள் தீயாலும் மேய்ச்சலாலும் காடாகாமல் நிறுத்திவைக்கப்பட்டவை என்ற முடிவிலிருந்து அவர்களும் விலகவில்லை.

இக்கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படுபவை சில உண்டு. கோவில்பட்டியை அடுத்த குருமலைக் காப்புக்காடு, அய்யனார் கோயில்களைச் சுற்றி வெட்டப்படாமல் நிற்கும் கோயில்காடுகள், கண்மாய்க் கரைகளின் கருவேலமும் இலந்தையும் ஆகியவை பழைய காட்டின் எச்சங்கள் என்பர். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவலில், தெலுங்கு நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த மக்கள் காட்டை எரித்து நிலம் திருத்தியதாக வரும் பகுதியும் இவ்விடத்தில் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. நாவலை ஆவணமாகக் கொள்ள இயலாது; ஆயினும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்த ஊர் நினைவை அது பதிந்திருக்கக்கூடும் என்பதால் முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது.

இவ்விடையின் பலவீனம் சான்றுகள் எடுக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது. குருமலை பாறை நிலம். கோயில்காடுகள் பெரும்பாலும் நீர் தேங்கும் கண்மாய், ஓடை ஓரங்களில் இருப்பவை. வனத்துறையின் பொறுப்பில் வந்த நிலங்களும் உழவுக்கு உதவாத குன்றுகளும் சரளை மேடுகளுமே. ஆழ்ந்த கரிசல் தரையோ வனச்சட்டங்கள் வருமுன்னரே பட்டா நிலமாகிவிட்டிருந்தது. ஆகவே காட்டு வகைப்பாடு எந்த மண்ணை அளந்ததோ அந்த மண் கரிசல் அன்று. அளக்காத மண்ணுக்கும் அதே முடிவு நீட்டப்பட்டது. கோட்பாட்டு அளவிலும், தாவரக் கூட்டம் ஓர் உயிரி போல ஒரே இலக்கை நோக்கி வளர்வதில்லை, ஒவ்வோர் இனமும் தன்தன் தேவைக்கேற்பத் தனித்தனியே பரவுகிறது என்று ஹென்றி கிளீசன் 1926-லேயே மறுத்துவிட்டார். அம்மறுப்பு வனவியல் கையேடுகளை எட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

மண்ணே மரத்தை மறுக்கிறது என்னும் வாதம்

இரண்டாவது விடை தட்பவெப்பத்தை விடுத்து மண்ணிலிருந்து தொடங்குகிறது. கரிசல் வெறும் நிறத்தால் வேறுபட்ட மண் அன்று. அது ஓய்வில்லாமல் அசையும் மண். அதில் மிகுந்திருக்கும் நுண்ணிய களித்துகள்கள் நீரை உறிஞ்சும்போது உப்பியும் உலரும்போது சுருங்கியும் போவதால், மழைக்காலத்தில் கால் வைக்க முடியாதபடி ஒட்டும் தரை, சித்திரை வைகாசியில் ஆள் கை நுழையும் அகலத்துக்குப் பிளந்து, சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழம் வரை வெடித்துக் கிடக்கிறது. மேல்மண்ணின் தூளும் சருகும் விதையும் அந்த வெடிப்புகளில் விழ, அடுத்த மழையில் அவை மூடிக்கொள்ள, ஆண்டுக்கணக்கில் மண் தன்னைத்தானே மெல்லப் புரட்டிக்கொள்கிறது. தக்காணத்தில் எரிமலைப் பாறை சிதைந்து கரிசலானது போலன்றி இங்கு அது பெரும்பாலும் உருமாறிய பழம்பாறைகள் சிதைந்ததனால் உருவானது. அடியில் சுக்கான் எனப்படும் சுண்ணாம்புக் கற்கள் பல இடங்களில் படிந்திருக்கின்றன. தோற்றம் வேறாயினும் உப்பிச் சுருங்கும் இயல்பு ஒன்றே.

இவ்வியல்பு மரக்கன்றுக்கு இருவகையில் பகையாகிறது. முதலாவது, முதல் கோடையிலேயே அதன் இளவேர்கள் வெடிப்பின் இழுவிசையில் அறுபடுகின்றன. இரண்டாவது நீரைப் பற்றியது. வறள்நிலச் சூழலியலில் இது சற்று விரிவாகவே பேசப்பட்டுள்ளது. மழை மிகுந்த நாட்டில் நீரைப் பிடித்துவைக்கும் களிமண்ணே செழிப்பானது. மழை குறைந்த நாட்டிலோ நிலைமை தலைகீழாகிறது. மணலிலும் சரளையிலும் பெய்த மழை விரைந்து கீழிறங்கி வெயிலுக்கு எட்டாத ஆழத்தில் தங்க, ஆழவேர் கொண்ட மரங்கள் அதைப் பயன்படுத்திக்கொள்கின்றன. களிமண் அதே மழையை மேலடுக்கிலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதில் ஒரு பகுதி ஆவியாகிறது, இன்னொரு பகுதியைப் பரந்த மேல்வேர் கொண்ட புற்கள் முந்திக்கொள்கின்றன. இஸ்ரேலியச் சூழலியலாளர் இமானுவேல் நோய்-மெயிர் 1973-இல் விளக்கிய இவ்விதி கோவில்பட்டி வட்டாரத்தில் செம்மண் நிலமான செவலுக்கும் கரிசலுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒரே மழை பெறும் இருநிலங்களில் செவலில் வேம்பும் உடையும் பனையும் நிற்க, அதை ஒட்டிய கரிசல் மரமின்றி நீள்வதை இவ்வாதம் வேறு எந்த விடையைக் காட்டிலும் தெளிவாக விளக்குகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் கருமண் புல்வெளிகளும் ஆஸ்திரேலியாவின் வெடிப்புக் களிமண்ணில் பரந்துள்ள மிட்செல் புல்வெளிகளும் இதற்குத் துணையாகக் காட்டப்படுகின்றன.

ஆயினும் இது முற்றுப்பெற்ற விடையாகாது. சூடான் நாட்டின் கருங்களிமண் சமவெளிகளில் வேல இன மரங்கள் காடாகவே வளர்ந்திருக்கின்றன. கரிசல் வட்டாரத்திலேயே கண்மாய் உள்வாயின் கனத்த களியில் கருவேலம் தழைக்கிறது. 1981-இல் சுவீடன் நாட்டு உதவியுடன் தமிழ்நாட்டில் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டம் கண்மாய்களில் அம்மரத்தையே பெருமளவில் நட்டது. மண் மரத்தை அறவே மறுப்பதில்லை, அதன் தொடக்கத்தைக் கடினமாக்குகிறது என்ற அளவில்தான் இவ்வாதம் நிற்கிறது. ஒருமுறை வேர் பிடித்துவிட்ட மரத்தை அகற்ற மண்ணுக்கு வலிமை போதாது.

கலப்பையும் கிடையும்

மூன்றாவது விடை வரலாற்றாசிரியர்களிடமிருந்து வருகிறது. திருநெல்வேலிச் சீமையின் வேளாண் வரலாற்றை 1985-இல் எழுதிய டேவிட் லட்டன், தாமிரபரணியின் நன்செய்ப் பகுதி, கண்மாயை நம்பிய கலப்புப் பகுதி, மழையை மட்டுமே நம்பிய வறண்ட பகுதி என நிலத்தைப் பிரித்து, கரிசலில் உழவு விரிந்ததற்கும் விசயநகரக் காலத்திலும் அதன் பின்னரும் தெலுங்கு பேசும் குடிகள் வந்து குடியேறியதற்கும் உள்ள தொடர்பை விளக்கினார். தக்காணக் கரிசலில் பழகிய உழவர்கள் அதே வகை மண்ணைத் தேடி இறங்கினர் என்பது ஏற்கத்தக்க விளக்கமாகவே உள்ளது. அதன்பின் வந்த பருத்தி வணிகம், குறிப்பாக 1861 முதல் 1865 வரையிலான அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து விலையேற்றம், எஞ்சிய மேடுகளையும் கலப்பைக்குள் கொண்டுவந்தது. இப்பார்வையில் கரிசலின் வெட்டவெளி மனிதர் உண்டாக்கியது. உழவுக்கு முன் இருந்தது எது என்ற கேள்வி ஏறத்தாழ விடைதேடத் தேவையற்றதாகிறது.

உழவும் மேய்ச்சலும் இயற்கைக்கு வெளியிலிருந்து வந்த இடையூறுகள் என்ற எண்ணத்தை இவ்விடை குலைப்பது இதன் சிறப்பு. ஆட்டுக்கிடையை எடுத்துக்கொண்டால், பகலில் புறம்போக்கிலும் அறுவடையான புஞ்சையிலும் மேயும் ஆடுகள் இரவில் ஒருவர் நிலத்தில் அடைக்கப்பட்டுப் புழுக்கையையும் மூத்திரத்தையும் விட்டுச்செல்கின்றன. பரந்த நிலத்தில் புல் திரட்டிய தழைச்சத்து இவ்வாறு ஒரு குறுகிய புஞ்சையில் குவிகிறது. சூழலியல் மொழியில் இது ஊட்டங்களின் இடமாற்றம். உழவர் மொழியில் கிடை போடுதல். விளாத்திகுளம் வட்டாரத்து வேம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் இந்நிலத்தின் மேய்ச்சலிலேயே தேர்ந்து உருவான இனங்கள். இந்த ஏற்பாடு நீண்டகாலம் நிலைத்திருக்கப் புல் நிறைந்த பொதுநிலம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். வெட்டவெளியில் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் இந்த வட்டாரத்துக்கே உரியவை என்பதை இங்கு ஒரு கிளைக்குறிப்பாகச் சேர்க்கலாம். அடர்ந்த முள்காட்டில் அத்தகைய நாய்க்கு வேலை இல்லை; எனினும் நாயினங்களின் பழமையைக் கொண்டு நிலத்தின் பழமையைக் கணிப்பது அளவுக்கு மீறிய துணிவாகும்.

இவ்விடை, மனிதரைச் சூழல்மண்டலத்தின் உறுப்பாகக் கொண்டுவருவதில் வென்றாலும், மூலக் கேள்வியைத் தீர்க்காமல் தள்ளிவைக்கிறது. உழவர் எரித்தது எதை என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. உயர்ந்த புல்லோடு சிதறிய உடைமரங்கள் நின்ற நிலத்தையும் ஊர் வழக்கு காடு என்றே அழைத்திருக்கும்.

புல்வெளியே தொன்மை என்னும் மறுவாசிப்பு

கடந்த பதினைந்து ஆண்டுகளில் வலுப்பெற்ற நான்காவது விடை முதல் விடையை நேருக்கு நேர் மறுக்கிறது. வனத்துறை ஆவணங்கள் வறண்ட இலையுதிர்காடு, முள்காடு என்று குறிப்பவற்றில் பெரும்பகுதி, தரை முழுதும் புல்லும் இடையிடையே மரமும் கொண்ட சவன்னா நிலமே என்று ஜெயஸ்ரீ ரத்னமும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வாதிட்டனர். வெப்பத்திலும் வறட்சியிலும் குறைந்த நீரைக்கொண்டே மிகுந்த உணவை ஆக்கும் ஒளிச்சேர்க்கை முறை கொண்ட வெப்பமண்டலப் புற்கள் தெற்காசியாவில் மனிதர் தோன்றுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் முன்பே பரவிவிட்டன; இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் படிவங்களின் கார்பன் அளவீடுகள் அப்பரவலை ஏறத்தாழ 80 இலட்சம் முதல் 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தையதாகக் காட்டுகின்றன. வெளிமான், கானமயில், வானம்பாடி போன்ற திறந்தவெளி உயிரினங்கள் இந்தியாவில் பரிணமித்து நிலைத்திருப்பதே புல்வெளி புதிதன்று என்பதற்குச் சான்று என்பது இவர்களின் அடுத்த வாதம். இந்தியாவின் வறள்நிலத் திறந்தவெளிச் சூழல்மண்டலங்களை எம். டி. மதுசூதனும் அபி வனக்கும் அண்மையில் வரைபடமாக்கியபோது, அவை நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியிருப்பதும், அவற்றில் மிகச் சிறு பகுதியே காப்பகங்களுக்குள் வருவதும் தெரியவந்தன.

கரிசலுக்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு வல்லநாடு. தூத்துக்குடி மாவட்டத்தின் இந்த வெளிமான் காப்பகம் 1987-இல் சுமார் 16 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களுள் இந்தியாவின் தென்கோடியில் இருப்பது இதுவே எனக் கருதப்படுகிறது. வெளிமான் சமவெளிப் புல்லில் ஓடி உயிர்காக்கும் விலங்கு. ஆனால் அதற்கு ஒதுக்கப்பட்டதோ முள்ளும் புதரும் மூடிய ஒரு குன்று. அவ்விலங்கு குன்றை விரும்பியது என்பதைவிட, உழாமல் எஞ்சியது அக்குன்றுதான் என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

இந்த மறுவாசிப்பின் பொதுவாதம் வலியது. கோவில்பட்டிக் கரிசலுக்கு அதை அப்படியே பொருத்துவதில்தான் இடர் இருக்கிறது. சிவாலிக் படிவங்கள் இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளவை. தக்காணப் புல்வெளிகள் தென்மேற்குப் பருவமழையில் தழைப்பவை. கரிசலுக்கு மழை ஐப்பசியில் வருகிறது. இதே வடகிழக்குப் பருவமழையைப் பெறும் சோழமண்டலக் கரையில் வறண்ட பசுமைமாறாக் காடு என்ற தனித்த தாவர வகை நிற்கிறது. ஆகவே மழையின் காலம் மாறும்போது புல்லுக்கும் மரத்துக்கும் இடையிலான போட்டியின் முடிவும் மாறக்கூடும். பழந்தாவரத்தை அறிய உதவும் மகரந்தத் துகள்களோ நீர்தேங்கிய சேற்றில் நிலைக்குமேயன்றி, வெடித்துப் புரளும் கரிசலில் அடுக்கு குலையாமல் கிடைப்பது அரிது.

சீமைக்கருவேலம் நடத்திய சோதனை

அறிவியலாளர் எவரும் திட்டமிடாத ஒரு சோதனை இந்நிலத்தில் நடந்தேறியிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்து மரமான சீமைக்கருவேலம் 1870-களில், சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோமின் முயற்சியால், விறகுத் தேவைக்காகத் தென்னிந்தியாவுக்குத் தருவிக்கப்பட்டது. கரிசல் வட்டாரத்தில் அது ஊரறியப் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். தரிசாக விடப்பட்ட புஞ்சை, கண்மாய் உள்வாய், ஓடை, மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவற்றில் அது இன்று அடைத்து நிற்கிறது.

ஓர் அயல் தாவரம் எவ்வாறு வெல்கிறது என்பதை உயிரினங்களின் உறவுகளே விளக்குகின்றன. அதன் இனிப்பான நெற்றை ஆடும் மாடும் விரும்பித் தின்கின்றன. கடினமான விதை செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து உரத்தோடு ஊன்றப்படுகிறது. இலையையோ பெரும்பாலான கால்நடைகள் தொடுவதில்லை. நெற்றால் விலங்கை அழைத்து இலையால் விலக்கும் இந்த ஏற்பாடு, மேய்ச்சல் மிகுந்த நிலத்தில் மற்ற செடிகள் கடிபட்டுத் தேயும்போது இதற்கு மட்டும் ஆதாயமாகிறது. வேர்முடிச்சு நுண்ணுயிர்களின் கூட்டால் காற்றின் நைட்ரசனைப் பயன்படுத்துகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கிறது. உதிரும் இலைகளில் உள்ள வேதிப்பொருள்கள் பிற விதைகளின் முளைப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே நிறுத்திவிடும், கால்நடையை மலடாக்கும் என்று ஊரில் சொல்லப்படுபவற்றுக்கு இத்தகைய ஆதாரம் இல்லை. நிலத்தடி நீரை மிகுதியாக எடுக்கிறது என்பது எத்தியோப்பியாவின் அஃபார் போன்ற வறள்நிலங்களில் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. வேருக்கு எட்டும் ஆழத்தில் நீர் உள்ள இடத்துக்கே அது பொருந்தும்.

இச்சோதனை மேற்கண்ட விடைகள் எல்லாவற்றையும் ஓரளவு சங்கடப்படுத்துகிறது. மண் மரத்தை மறுக்கிறது என்றால் இம்மரம் எவ்வாறு நின்றது? தாவர வழிமுறை வளர்ச்சி உடைமரக் காட்டில் முடியும் என்றால், உழவு நின்ற புஞ்சைகளில் உடை ஏன் வரவில்லை? புல்வெளி தொன்மையானது, உறுதியானது என்றால் சில பத்தாண்டுகளில் அது எவ்வாறு இடம்விட்டது? மேய்ச்சலை நிறுத்தினால் புல் மீளும் என்ற நம்பிக்கையும், மேய்ச்சலே மரத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே ஒருசேர ஆட்டம் காண்கின்றன.

மரத்தின் சமூகப் பக்கமும் எளிதில் தீர்க்கமுடியாதது. மழை பொய்த்த ஆண்டில் மானாவாரி உழவர்க்குக் கரிமூட்டம் கைகொடுக்கிறது. விறகு வேறெங்கும் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் அகற்ற ஆணையிட்டதும், அதே ஆண்டில் வல்லுநர் கருத்து வேண்டி இடைக்காலத் தடை விதிக்கப்பட்டதும், தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்கள் பற்றிய கொள்கையை வெளியிட்டதும் இத்தயக்கத்தின் தடங்கள். அகற்றுவது எப்படி என்பதில் செலவான விவாதத்தில் ஒரு பங்குகூட, அகற்றிய பின் அவ்விடத்தில் எது இருக்க வேண்டும் என்பதற்குச் செலவாகவில்லை.

ஒரே நிலத்துக்குப் பல நிலைகள்

இவ்விடைகளின் முரணைத் தணிக்கும் முயற்சியாக வறள்நில மேய்ச்சல் ஆய்விலிருந்து ஐந்தாவது நிலைப்பாடு ஒன்று எழுந்தது. வெஸ்டோபி, வாக்கர், நோய்-மெயிர் ஆகிய மூவரும் 1989-இல் வெளியிட்ட கட்டுரை, வறள்நிலத்துக்கு ஒரே உச்சநிலை கிடையாது, அதே மண்ணும் மழையும் உள்ள இடத்தில் தாவரம் பல நிலைகளில் ஏதேனும் ஒன்றில் தங்கலாம் என்றது. தொடர்ந்த வறட்சி, பெருமழை, தீ, மந்தையின் பெருக்கம் போன்ற நிகழ்வு அதை ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும். தள்ளிய காரணம் நீங்கினாலும் பழைய நிலை தானே திரும்பிவிடாது. கரிசலில் இதன்படி குறைந்தது நான்கு நிலைகளைக் காணலாம்: பல்லாண்டுப் புல் நிலம், புல்லிடையே உடையும் வெள்வேலும் நிற்கும் நிலம், ஆண்டுதோறும் உழப்படும் புஞ்சை, சீமைக்கருவேலப் புதர். முதல் மூன்றுக்கும் இடையே முன்னும் பின்னும் போகலாம். நான்காவதிலிருந்து மீளுதல் மட்டுமே பெருஞ்செலவு கேட்கிறது.

தமிழ் மரபில் இதற்கு அணுக்கமான ஒரு சிந்தனை உண்டு என்பது கவனத்துக்குரியது. தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கும் நிலம் வகுத்துப் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்து பாலை வடிவம் கொள்வதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. ஒரு நிலம் காலத்தாலும் துன்பத்தாலும் வேறு நிலையாகும் என்ற எண்ணம் அங்கே இருக்கிறது. திணை என்பது கவிதை மரபே தவிர அளவீட்டு அறிவியல் ஆகாது. அதை நவீனக் கோட்பாட்டின் முன்னறிவிப்பாகக் காட்டுவது மிகையாகும். ஆனாலும் நிலத்துக்கு ஒரே நிலையான வடிவம் உண்டு என்ற கிளெமென்ட்ஸின் கருதுகோள் தமிழ் வாசகருக்கு இயல்பானது அன்று என்ற அளவுக்கு இதைச் சொல்லலாம்.

பல நிலைகள் என்னும் விளக்கத்திலும் குறை உண்டு. எது நடந்தாலும் அதற்கு இது இடமளித்துவிடுகிறது. எவ்வளவு மழைக்குறைவு, எத்தனை ஆடுகள், எத்தனை ஆண்டுத் தரிசு என்ற எல்லைகளை அளந்து கூறாதவரை அது விளக்கமாக இருக்குமேயொழிய முன்கணிப்பாக ஆகாது.

திறந்திருப்பவை

இவ்விடைகளை ஒருங்கே நோக்கும்போது சில முடிவுகளைத் தயக்கத்துடன் சொல்லலாம். ஆழ்ந்த கரிசல் தரையில் அடர்காடு நின்றிருக்கும் என்பதற்கான ஆதாரம் மெலிந்தது; அவ்விடத்தில் புல் முதன்மை பெற்றிருக்க வாய்ப்பு மிகுதி. செவல் மேடும் சரளையும் ஓடைக்கரையும் மரங்களை எக்காலத்திலும் தாங்கியிருக்கக்கூடும். எனவே பழைய நிலம் ஒரே விரிப்பாக இல்லாமல், மண் மாறும் இடந்தோறும் மாறும் கலவையாக இருந்தது என்று கொள்வதே கிடைக்கும் சான்றுகளோடு ஒத்துப்போகிறது. இன்றுள்ள முழுமையான மரமின்மையில் கலப்பைக்கும் பருத்திக்கும் உள்ள பங்கு எவ்வளவு, மண்ணுக்கு உள்ள பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய இயலவில்லை. பயிர் மாற்றம் இக்கணக்கை மேலும் சிக்கலாக்குகிறது. கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த பரப்பில் மக்காச்சோளம் விரிந்ததும், 2018-இல் அமெரிக்கப் படைப்புழு வந்து அப்பயிரைத் தாக்கியதும், மயிலும் காட்டுப்பன்றியும் புஞ்சைக்குள் இறங்குவதும் உணவு வலை மீண்டும் இடம்பெயர்வதைக் காட்டுகின்றன.

இதற்கிடையில் முடிவுகள் காத்திருக்கவில்லை. கயத்தாற்றுச் சமவெளியில் காற்றாலைகள் நிறைந்துவிட்டன. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் எழுந்தது. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த முனைந்துள்ளது. முதலிரண்டும் இந்நிலத்தை வெற்றிடமாகக் கொள்கின்றன. மூன்றாவது அதைக் காடாக வேண்டிய இடமாகக் கொள்ளும் அபாயம் உடையது. இரு கணிப்பிலும் புல்லுக்கு இடமில்லை.

இவ்வினாவைத் தீர்க்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஆழ்ந்த கரிசல், செவல், சரளை ஆகிய மூன்றிலும், மேய்ச்சல் உள்ளதும் இல்லாததுமாக, சீமைக்கருவேலம் அகற்றியதும் அகற்றாததுமாகச் சில துண்டு நிலங்களை வேலியிட்டு இருபது முப்பது ஆண்டுகள் அளந்துவந்தால், எந்த விடை எங்கே பொருந்துகிறது என்பது பெருமளவு தெளிவாகிவிடும். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மானாவாரிப் பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் பயறுக்கும் இத்தகைய பொறுமையான வேலையைச் செய்துவந்திருக்கிறது. விதைக்காத நிலத்துக்கும் அதே வேலை நடக்கும்வரை, கரிசலின் மேய்ச்சல் புறம்போக்கில் மரம் நடும் திட்டங்கள் அந்த மண்ணிலிருந்து கிடைத்த சான்றை விட, அந்த மண்ணை அளக்காமல் எழுதப்பட்ட ஒரு வகைப்பாட்டையே நம்பி நடப்பவை என்றே மதிப்பிட வேண்டியிருக்கிறது.